காய்ச்சல் மாட்டுக்கு எந்தச் சோதனை? ஸ்லைடா, பிசிஆரா, எலைசாவா?

"ஊசி போட்டு ரெண்டு நாள் ஆச்சு டாக்டர், காய்ச்சல் விடவே இல்லை."

இப்படி ஒரு ஃபோன் வராத மாதம் கிடையாது. என்ன ஊசி என்று கேட்டால் டைமினசின் என்பார்கள். மாட்டின் மேல் உண்ணி இருந்தது, காய்ச்சல் 106 டிகிரி அடித்தது, உண்ணிக்காய்ச்சல்தான் என்று முடிவு கட்டிப் போட்டிருப்பார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தீர்களா என்றால் இல்லை. "தோள்பட்டைக்கு முன்னால் கையை வைத்துத் தடவிப் பாருங்கள், ஏதாவது தட்டுப்படுகிறதா?" என்று கேட்டால் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் பதில் வரும்: "ஆமா டாக்டர், முட்டை அளவுக்கு ஒரு கட்டி. அந்தப் பக்கமும் இருக்கு."

அது நிணநீர்க் கணு வீங்கியது. அப்படி வீங்கியிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தைலேரியாவை. டைமினசின் பபேசியாவுக்கான மருந்து. தைலேரியாவிடம் அதன் ஜம்பம் பலிக்காது. இரண்டு நாள் வீணாகப் போய்விட்டது, தைலேரியாவில் இரண்டு நாள் என்பது பெரிய விஷயம்.

உண்ணி வழியாக மாட்டின் ரத்தத்துக்குள் வரும் கிருமிகளில் மூன்று கூட்டம் முக்கியம். பபேசியா செவ்வணுவுக்குள் புகுந்து பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும். தைலேரியா முதலில் வெள்ளையணுவில் குடியேறும்; அந்த அணுவைப் புற்றணு போலக் கட்டுப்பாடில்லாமல் பெருகவைத்து, அதனோடு சேர்ந்து தானும் பெருகி, பிறகுதான் செவ்வணுவுக்கு மாறும். அனபிளாஸ்மா உண்மையில் ஒரு பாக்டீரியா. 1910-இல் அர்னால்டு தைலர் அதை விவரித்தபோது ஒட்டுண்ணி என்றே நினைத்தார். அந்தப் பழக்கத்தில் இன்றும் ரத்த ஒட்டுண்ணிப் பட்டியலிலேயே இருக்கிறது. கூட்டம் மூன்று என்பதால் மருந்தும் வேறு வேறு. பபேசியாவுக்கு டைமினசின் அல்லது இமிடோகார்ப், தைலேரியாவுக்கு புபார்வகோன், அனபிளாஸ்மாவுக்கு ஆக்ஸிடெட்ராசைக்ளின். எது என்று தெரியாமல் போடும் ஊசி குருட்டாம்போக்குதான்.

சரி, எந்தச் சோதனை செய்வது? இந்தக் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் ஒரு ஏணி மாதிரி இருக்கும்: கீழே ஸ்லைடு, அதாவது ரத்தத்தைக் கண்ணாடியில் பூசி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது; நடுவில் எலைசா, அதாவது கிருமிக்கு எதிராக உடம்பு தயாரித்த எதிர்ப்பொருளைத் தேடுவது; உச்சியில் பிசிஆர், அதாவது கிருமியின் மரபுப்பொருளைத் தேடுவது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மூன்றும் ஒரே கேள்விக்கான மூன்று பதில்கள் கிடையாது. இந்த மாட்டை இப்போது படுக்கவைத்திருப்பது எது என்பது ஒரு கேள்வி. நன்றாக மேய்ந்துகொண்டிருக்கும் இந்த மாட்டின் ரத்தத்தில் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்பது இன்னொன்று. இந்த மந்தை இதற்கு முன் இந்த நோயைச் சந்தித்திருக்கிறதா என்பது மூன்றாவது. முதல் கேள்விக்கு மூன்றாவதன் சோதனையைச் செய்துவிட்டு, ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கண்ணும் கையும் எவ்வளவு தூரம் வரும்

சோதனைக்கு முன்னால் மாட்டைப் பார்க்க வேண்டும். மூன்றிலும் காய்ச்சல், தீனி எடுக்காமை, பால் சட்டென்று இறங்குவது, இமையின் உட்புறம் வெளிறுவது எல்லாம் பொது. பிரித்துச் சொல்லும் அடையாளங்கள் சில உண்டு. மூத்திரம் சிவப்பாகவோ காப்பி நிறத்திலோ போனால் பபேசியா பக்கம் சாயலாம். செவ்வணு ரத்தக்குழாய்க்குள்ளேயே உடைவதால் ஹீமோகுளோபின் சிறுநீரகம் வழியாக இறங்குகிறது. அனபிளாஸ்மாவில் செவ்வணு மண்ணீரலில் அழிக்கப்படுகிறது. அதனால் மூத்திரம் சிவக்காது; கண்ணும் ஈறும் மஞ்சளாகும், சாணி இறுகும். தைலேரியாவில் கணு வீக்கம், கண்ணீர், மூச்சிரைப்பு.

வயதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பபேசியாவும் அனபிளாஸ்மாவும் கன்றுகளை அவ்வளவாகச் சாய்ப்பதில்லை, வளர்ந்த மாட்டில்தான் ஆட்டம் காட்டும். அனபிளாஸ்மா மூன்று வயதைத் தாண்டிய மாட்டில் வந்தால் உயிருக்கே ஆபத்து. பிறந்து சில வாரமே ஆன கன்றின் கணு வீங்கியிருந்தால் என் மனம் நேராகத் தைலேரியாவுக்குத்தான் போகும்.

ஆனால் இந்த அடையாளங்களை நம்பி எத்தனை தூரம் போகலாம்? சிவப்பு மூத்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கன்று ஈன்று சில வாரங்களில் பாஸ்பரஸ் குறைந்த மாட்டுக்கும் மூத்திரம் சிவக்கும். லெப்டோஸ்பைரா தொற்றிலும் சிவக்கும். பெரணிச் செடியை நெடுநாள் மேய்ந்த மாட்டுக்கு மூத்திரத்தோடு ரத்தமே போகும். இந்தக் கடைசி வகையைப் பிரிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. மூத்திரத்தை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து அசைக்காமல் வைத்தால், ரத்தமாக இருந்தால் செவ்வணு அடியில் படிந்து மேலே தெளியும். ஹீமோகுளோபினாக இருந்தால் எவ்வளவு நேரம் வைத்தாலும் ஒரே நிறமாகத்தான் நிற்கும். பாஸ்பரஸ் குறைவா, பபேசியாவா என்பதை இந்தக் குப்பி சொல்லாது. காய்ச்சல் ஓரளவு சொல்லும், ரத்தம்தான் தீர்த்துச் சொல்லும்.

உண்ணியைப் பார்த்தும் ஓரளவு ஊகிக்கலாம். தைலேரியா அனுலேட்டாவைக் கொண்டுவருவது ஹையலோமா உண்ணி. பபேசியா பைஜெமினாவையும் போவிஸையும் பரப்புவது ரிப்பிசெபாலஸ் மைக்ரோப்ளஸ். ஆனால் ஒரே மாட்டில் இரண்டு உண்ணியும் இருக்கும், இரண்டு நோயும் சேர்ந்தே வரும். உண்ணியைப் பிடித்துப் பிசிஆர் செய்து பாசிட்டிவ் வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. அந்த உண்ணி நேற்று குடித்த ரத்தத்தில் கிருமி இருந்தது என்பதற்கு மேல் அதில் பெரிதாக ஒன்றும் தெரியாது.

ஸ்லைடு: மலிவு, வேகம், ஆனால் கை சுத்தம் வேண்டும்

1888-இல் விக்டர் பாபெஷ் மாட்டின் செவ்வணுவுக்குள் பபேசியாவைப் பார்த்தது மைக்ரோஸ்கோப்பில்தான். 1893-இல் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் டெக்சாஸ் காய்ச்சலை (அமெரிக்காவில் மாட்டு பபேசியா நோய்க்கு இருந்த பெயர்) உண்ணி பரப்புகிறது என்று நிரூபித்தார்கள். பூச்சி, உண்ணி வகையறா ஒன்று பாலூட்டிக்கு நோயைக் கடத்துகிறது என்று ஆணித்தரமாகக் காட்டிய முதல் வேலை அது. அன்று அவர்கள் செய்ததும் இன்று நாங்கள் செய்வதும் அடிப்படையில் ஒன்றே: ஒரு சொட்டு ரத்தம், ஒரு கண்ணாடித் துண்டு, சாயம்.

ஸ்லைடைக் குறை சொல்பவர்களில் பாதிப்பேர் உண்மையில் குறை சொல்ல வேண்டியது அதைப் பூசிய கையை. எங்கள் மேசைக்கு வரும் ஸ்லைடுகளில் கணிசமானவை தடித்துப் போயிருக்கும், செவ்வணு ஒன்றின்மேல் ஒன்று ஏறி நாணய அடுக்கு மாதிரி. சில ஈரம் காயாமல் மூடப்பட்டு, அணுவெல்லாம் சுருங்கி, பளபளக்கும் ஓட்டை ஓட்டையாக இருக்கும். ஒருமுறை வந்த ஸ்லைடில் நடுவில் அரைவட்டம் அரைவட்டமாக ரத்தமே காணோம். ஈ நக்கியிருக்கிறது. மெத்தனாலில் நனைக்காத ரத்தப்பூச்சு ஈக்கு நல்ல விருந்து. ஃபார்மலின் பாட்டிலோடு ஒரே பெட்டியில் போட்டு அனுப்பிய ஸ்லைடும் வரும். அந்த ஆவி பட்டால் சாயம் ஒழுங்காகப் பிடிக்காது. இதிலெல்லாம் "ஒட்டுண்ணி இல்லை" என்று எழுதுவது பொய். "பார்க்க முடியவில்லை" என்றுதான் எழுத வேண்டும்.

நல்ல பூச்சு எப்படி இருக்கும் என்றால், கடைசி முனை நாக்கு நுனி மாதிரி மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் லேசாக வானவில் தெரியும். அங்கேதான் அணுக்கள் ஒற்றை அடுக்காகப் பரவியிருக்கும். காற்றில் வீசிச் சட்டென்று காயவைத்து, மெத்தனாலில் சில நிமிடம், பிறகு பத்து சதவீத ஜீம்சா சாயத்தில் அரை மணி நேரம். எண்ணெய் லென்ஸில் பார்க்கும்போது பபேசியா பைஜெமினா நல்ல உருப்படி: இரண்டு பேரிக்காய்கள் கூர்முனையில் ஒட்டிக்கொண்டு குறுங்கோணத்தில் நிற்கும், நீளம் 4 முதல் 5 மைக்ரான், செவ்வணுவையே நிறைத்துவிடும். போவிஸ் அதில் பாதிதான், கோணம் விரிந்திருக்கும். அனபிளாஸ்மா மார்ஜினேல் வெறும் புள்ளி, ஒரு மைக்ரானுக்கும் கீழே, செவ்வணுவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு. தைலேரியா செவ்வணுவில் சின்ன மோதிரமாகவோ காற்புள்ளியாகவோ தெரியும்.

அனபிளாஸ்மாதான் கண்ணை ஏமாற்றுவதில் கெட்டிக்காரன். சாயத்தூள் ஒரு துளி அணுவின் மேல் விழுந்தாலும் அப்படித்தான் தெரியும். ரத்தசோகை வந்த மாட்டில் இளம் செவ்வணுக்களில் மிச்சமிருக்கும் ஹவல்-ஜாலி உருண்டைகளும் அப்படியே. நான் செய்வது ஒன்றுதான்: லென்ஸின் ஃபோகஸை ஒரு மயிரிழை மேலும் கீழும் நகர்த்துவேன். அணு தெளிவாக இருக்கும்போது புள்ளியும் தெளிவாக இருந்தால் அது உள்ளே இருக்கிறது. புள்ளி தெளியும்போது அணு மங்கினால் அது மேலே விழுந்த தூசி. பிறகு அணு இல்லாத வெற்றிடத்தைப் பார்ப்பேன். அங்கும் அதே புள்ளிகள் இருந்தால் சாயத்தை வடிகட்டவில்லை என்று அர்த்தம்.

எங்கிருந்து ரத்தம் எடுப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பைஜெமினாவுக்குக் கழுத்து ரத்தக்குழாய் போதும். நோய் முற்றிய மாட்டில் பத்து சதவீதத்துக்கு மேல் செவ்வணுவில் கிருமி இருப்பதுண்டு. போவிஸ் அப்படியில்லை. அது புகுந்த செவ்வணுக்கள் நுண்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். மாடு தள்ளாடி, பல்லை நெறித்து, சாகும் நிலையில் இருக்கும். கழுத்து ரத்தத்தில் ஒரு சதவீதம்கூட இருக்காது. அதனால் காது நுனியிலோ வால் நுனியிலோ ஊசியால் குத்தி வரும் முதல் சொட்டில்தான் பூச வேண்டும். தைலேரியா என்று சந்தேகம் வந்தால் ரத்தம் மட்டும் போதாது. காய்ச்சல் தொடங்கிய முதல் நாட்களில் செவ்வணுவில் ஒன்றும் இருக்காது, எல்லாம் கணுவில்தான். வீங்கிய கணுவில் ஊசியைக் குத்தி, சிரிஞ்சை லேசாக இழுத்து, உள்ளே வந்த துளியை ஸ்லைடில் பூசினால் வெள்ளையணுவுக்குள் நீலப் பின்னணியில் ஊதாப் பொட்டுகள் கொத்தாகத் தெரியும். காக்கின் நீல உருண்டைகள் என்று அதற்குப் பெயர். ஒன்றே ஒன்று தெரிந்தாலும் வேலை முடிந்தது.

எத்தனை மாட்டுக்கு ரத்தம் எடுத்தாலும் ஊசியை மாற்றுங்கள். அனபிளாஸ்மா ஊசிமுனை வழியாகவும் பரவும். நோயைத் தேடப் போய் நாமே பரப்பிவிட்டு வரக் கூடாது.

ஸ்லைடின் எல்லையைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். மெல்லிய பூச்சில் ஒரு பார்வைப்புலத்தில், அதாவது லென்ஸில் ஒரே நேரத்தில் தெரியும் வட்டத்தில், ஏறக்குறைய இருநூறு செவ்வணு தெரிகிறது என்று வையுங்கள். ஐம்பது புலம் பார்த்தால் பத்தாயிரம் அணு. பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவாகக் கிருமி இருந்தால் ஐம்பது புலம் பார்த்தும் கண்ணில் படாமல் போக நல்ல வாய்ப்பு உண்டு. தடித்த சொட்டாக வைத்துச் சாயமேற்றினால் பத்து லட்சத்தில் ஒன்றுவரை பிடிக்கலாம். ஆனால் அதில் உருவம் சிதைந்திருக்கும், அனுபவக் கண் வேண்டும். காய்ச்சலில் படுத்திருக்கும் மாட்டில் பெரும்பாலும் இந்த அளவுக்கு மேலேயே இருக்கும் என்பதால் ஸ்லைடு அங்கே ஜெயிக்கிறது. நோய் தீர்ந்து நன்றாக நடமாடும் மாட்டில் தோற்கிறது.

ஸ்லைடோடு சேர்த்து ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை எடுத்து இயந்திரத்தில் சுழற்றிப் பார்க்கச் சொல்வேன். ரத்தத்தில் செவ்வணு எத்தனை சதவீதம் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நலமான மாட்டுக்கு 24-க்கு மேல் இருக்க வேண்டும். அதைவிட எனக்குப் பிடித்தது மேலே நிற்கும் நீரின் நிறம். சிவந்திருந்தால் செவ்வணு குழாய்க்குள்ளேயே உடைகிறது, பபேசியாவை நினைக்கலாம். நல்ல மஞ்சளாக இருந்தால் அனபிளாஸ்மா. ஸ்லைடைச் சாயத்தில் போட்டுவிட்டுக் காத்திருக்கும் அரை மணி நேரத்துக்குள் பாதிப் பதில் கைக்கு வந்துவிடும்.

பிசிஆர்: எல்லாவற்றையும் பார்க்கும், அதுதான் சிக்கல்

பிசிஆர் கிருமியின் மரபுத்துண்டை நகலெடுத்துப் பெருக்கிக் காட்டுகிறது. எவ்வளவு நுட்பம் என்பதற்கு ஓர் எண்: அனபிளாஸ்மாவுக்கான இரட்டைச்சுற்றுப் பிசிஆர் ஒரு மில்லி ரத்தத்தில் 30 தொற்றிய அணு இருந்தாலும் பிடிக்கும். மாட்டின் ஒரு மில்லி ரத்தத்தில் குறைந்தது ஐநூறு கோடி செவ்வணு இருக்கும். ஐநூறு கோடியில் முப்பது. மைக்ரோஸ்கோப்பில் ஆயுசுக்கும் உட்கார்ந்தாலும் இது கிடைக்காது.

இனத்தைப் பிரிப்பதிலும் அதற்கு நிகர் இல்லை. தைலேரியா ஓரியன்டாலிஸில் சாதுவான வகையும் உண்டு, இக்கேடா என்ற பொல்லாத வகையும் உண்டு; 2012-இல் நியூசிலாந்தில் மாடுகளைச் சாய்த்தது இந்த இக்கேடாதான். ஸ்லைடில் இரண்டும் ஒரே காற்புள்ளி. பிசிஆர் பிரித்துவிடும். ஒரே மாதிரியில் பபேசியா, தைலேரியா இனங்கள் பலவற்றை ஒரே நேரத்தில் தேட 1999-இலிருந்து தலைகீழ் வரிப்பதிவு என்ற முறையும் இருக்கிறது. ஆராய்ச்சிக்கு நல்லது, அவசரத்துக்கு ஆகாது. புபார்வகோன் போட்டும் கேட்காத தைலேரியாவில் சைட்டோகுரோம் பி மரபணுவில் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கவும் மரபுத்துண்டைப் பெருக்கி வாசிப்பதுதான் வழி. துனிசியா, ஈரான், சூடான் போன்ற இடங்களில் அப்படிப்பட்ட எதிர்ப்பு பதிவாகியிருக்கிறது.

இத்தனை இருந்தும் ஏன் எல்லா மாட்டுக்கும் பிசிஆர் என்று சொல்ல மாட்டேன்? நேரம் ஒரு காரணம். ஆய்வகம் பக்கத்தில் இருந்தாலே ஒரு நாள். மாதிரி பயணம் செய்ய வேண்டுமானால் இன்னும் கூடும். மாடு அதுவரை காத்திருக்காது. ஆனால் பெரிய காரணம் அது இல்லை. தைலேரியாவிலிருந்தோ அனபிளாஸ்மாவிலிருந்தோ பிழைத்த மாடு பெரும்பாலும் கிருமியை முழுசாகத் துரத்திவிடுவதில்லை. கொஞ்சம் தங்கிவிடும். அனபிளாஸ்மா ஆயுள் முழுக்கவே தங்கும். சில வாரங்களுக்கு ஒருமுறை எண்ணிக்கை ஏறும், இறங்கும், மாட்டுக்கு ஒன்றும் தெரியாது. இப்படிப்பட்ட மாட்டுக்கு வேறு ஏதோ காரணத்தால், நிமோனியா என்று வையுங்கள், காய்ச்சல் வருகிறது. பிசிஆர் அனுப்புகிறீர்கள். அனபிளாஸ்மா பாசிட்டிவ். ரிப்போர்ட் சொன்னது உண்மைதான். ஆனால் காய்ச்சலுக்குக் காரணம் அது இல்லை. உண்ணி மலிந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு பத்து மாட்டை அனுப்பினால் பாதிக்குமேல் ஏதாவது ஒன்றுக்குப் பாசிட்டிவ் வந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அத்தனை மாடும் நோயாளிகளா?

ஸ்லைடின் மந்தக்கண் இந்த இடத்தில் நமக்கு உதவியாகவே இருக்கிறது. மாட்டைச் சாய்க்கும் அளவுக்குக் கிருமி இருந்தால்தான் அது பார்க்கும். எண்ணிக்கை சொல்லும் ரியல்டைம் பிசிஆர் இருந்தால் இந்தக் குறை ஓரளவு தீரும். சாதாரணப் பிசிஆர் உண்டு, இல்லை என்று மட்டும்தான் பேசும்.

நெகட்டிவ் வந்தாலும் நூறு சதவீதம் நிம்மதி கிடையாது. வழக்கமாக இருநூறு மைக்ரோலிட்டர் ரத்தத்திலிருந்து மரபுப்பொருளைப் பிரித்து, அதில் ஒரு சிறு பங்கைத்தான் குழாயில் விடுகிறோம். கடைசியில் சோதனைக்குள் போவது சில மைக்ரோலிட்டர் ரத்தத்துக்கு ஈடானது. அந்தத் துளியில் கிருமி விழவில்லை என்றால் இல்லை என்றுதான் வரும். அப்புறம் ஒரு நடைமுறைச் சமாசாரம்: ஊதா மூடி போட்ட ஈடிடிஏ குழாயில் எடுங்கள். ஹெப்பாரின் குழாயில் எடுத்தால் அதுவே பிசிஆரைத் தடுத்துவிடும். குளிர்ச்சி கிடைக்காத தூரமென்றால் வடிதாள் அட்டையில் ஒரு சொட்டு உலர்த்தி அனுப்பலாம்.

லாம்ப் என்று ஒரு முறை இருக்கிறது. 2000-இல் ஜப்பானில் வந்தது. பிசிஆர் போல வெப்பத்தை ஏற்றி இறக்கத் தேவையில்லை, 60 முதல் 65 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும், முடிவை நிறமாற்றத்தில் பார்க்கலாம். களத்துக்கு ஏற்றது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். என் அனுபவத்தில் அதன் வினை மிகமிக முனைப்பானது. பக்கத்துக் குழாயிலிருந்து ஒரு துளி ஆவி பட்டாலும் பாசிட்டிவ் காட்டும். மாட்டுத்தொழுவத்து ஓரத்தில் மேசை போட்டுச் செய்வதற்கு முன் இரண்டு தடவை யோசிப்பேன். செய்தாலும் வெறும் தண்ணீர் விட்ட குழாய் ஒன்றை எப்போதும் கூடவே வைத்துக்கொள்வேன்.

எலைசா: பழைய கதையைச் சொல்லும்

எலைசாவும் ஒளிர்நிறச் சோதனையும் தேடுவது கிருமியை அல்ல, மாட்டின் உடம்பு அதற்கு எதிராகத் தயாரித்த எதிர்ப்பொருளை. தொற்று ஏற்பட்டு எதிர்ப்பொருள் நன்றாகத் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். பபேசியா அதற்குள் மாட்டைக் கொன்றுவிட்டிருக்கும், அல்லது மாடு பிழைத்திருக்கும். கிருமி போன பிறகும் எதிர்ப்பொருள் மாதக்கணக்கில் நிற்கும். ஆகவே இன்றைக்குக் காய்ச்சலில் கிடக்கும் மாட்டுக்கு எலைசா அனுப்புவது நேற்றைய பேப்பரில் இன்றைய வானிலையைத் தேடுவது மாதிரி. பட்டை போட்ட துரிதக் கிட்டுகள் வாங்குமுன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பலவும் எதிர்ப்பொருளைத் தேடுபவைதான். கால் மணி நேரத்தில் முடிவு தருகிறது என்பதற்காக அது இன்றைய நோயைச் சொல்கிறது என்று ஆகிவிடாது.

மந்தை என்று வரும்போது கதை மாறுகிறது. பபேசியாவில் ஒரு வேடிக்கை உண்டு. ஒன்பது மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்குத் தொற்று வந்தால் பெரும்பாலும் லேசாகப் போய்விடும், ஆனால் எதிர்ப்புச்சக்தி மிஞ்சும். அதனால் உண்ணி ஓயாமல் இருக்கும் மந்தையில் எல்லாக் கன்றும் சின்ன வயதிலேயே தொற்றைப் பார்த்துவிட்டு, வளர்ந்தபின் நோய் இல்லாமல் இருக்கும். நோய் கொத்துக் கொத்தாக வருவது உண்ணி கொஞ்சமாக, விட்டு விட்டு இருக்கும் மந்தையில். ஒன்பது மாதக் கன்றுகளில் எலைசா செய்து, எண்பது சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ பாசிட்டிவ் இருந்தால் மந்தை ஒரு சமநிலையில் இருக்கிறது. இருபதிலிருந்து எண்பதுக்குள் இருந்தால் ஆபத்து. பாதி மந்தை எதிர்ப்பில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் திடீரென்று உண்ணிமருந்து அடிப்பதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஸ்லைடோ பிசிஆரோ இப்படி ஒரு விடையைத் தராது. ஒரு எச்சரிக்கை மட்டும்: மூன்று நான்கு மாதத்துக்கு உட்பட்ட கன்றில் இருப்பது சீம்பாலில் வந்த தாயின் எதிர்ப்பொருளாக இருக்கலாம், அந்த வயதில் ரத்தம் எடுக்காதீர்கள்.

எந்த மாட்டுக்கு எது

காய்ச்சலோடு நிற்கும் மாடு என்றால் நான் தயங்க மாட்டேன். காது நுனி ஸ்லைடு ஒன்று, கழுத்து ரத்தத்தில் ஒன்று, கணு வீங்கியிருந்தால் அதிலிருந்து ஒன்று, ஈடிடிஏ குழாயில் இரண்டு மில்லி. எல்லாம் முதல் ஊசிக்கு முன்னால். ஊசி போட்டு ஒரு நாள் கழித்து எடுத்த ஸ்லைடில் பபேசியா காணாமல் போயிருக்கும், அப்புறம் என்ன நோய் என்று யாராலும் சொல்ல முடியாது. இரவு நேரம், மைக்ரோஸ்கோப் கிடைக்காது, மாடு மோசமாக இருக்கிறது என்றால் அடையாளங்களைப் பார்த்து மருத்துவர் ஊசி போடட்டும். ஆனால் போடுமுன் ஸ்லைடைப் பூசிக் காயவைத்து எடுத்துவைப்பதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும். குழாயில் மிச்சமிருக்கும் ரத்தத்தைக் குளிரில் வைத்திருங்கள். ஸ்லைடு கையை விரித்தால் அப்போது பிசிஆருக்கு அனுப்பலாம்.

செத்துப்போன மாட்டிலும் வழி இருக்கிறது, பலருக்கு இது தெரிவதில்லை. போவிஸ் என்ற சந்தேகம் இருந்தால் மூளையின் மேற்பரப்பிலிருந்து பட்டாணியில் பாதி அளவு எடுத்து, இரண்டு ஸ்லைடுக்கு நடுவில் நசுக்கி இழுத்துச் சாயமேற்றுங்கள். நுண்குழாய்களில் கிருமி ஏறிய செவ்வணு ரயில்பெட்டி மாதிரி வரிசையாக அடைத்துக் கிடக்கும். செத்து ஒரு நாள் ஆகிவிட்டிருந்தால் காலின் கீழ்ப்பகுதியிலிருந்து ரத்தம் எடுத்துப் பாருங்கள், அங்கே அழுகல் மெதுவாகத்தான் வரும். தைலேரியாவுக்கு மண்ணீரல், கணு இரண்டையும் வெட்டிய முகத்தை ஸ்லைடில் ஒற்றி எடுக்க வேண்டும்.

வெளியிலிருந்து வாங்கும் மாடு, ரத்தம் கொடுக்கப்போகும் மாடு, உண்ணியே இல்லாத இடத்துக்குப் போகும் மாடு இவற்றுக்குப் பிசிஆர். கூடவே எலைசாவும் செய்வது நல்லது; இன்று ரத்தத்தில் எண்ணிக்கை இறங்கிப்போய்ப் பிசிஆர் தவறவிட்ட மாட்டை எதிர்ப்பொருள் காட்டிக்கொடுக்கும். ரத்தம் ஏற்றும் விஷயத்தில் ஸ்லைடு நெகட்டிவை மட்டும் நம்பி அனபிளாஸ்மா தங்கிய மாட்டின் ரத்தத்தை ஏற்கெனவே சோகையில் கிடக்கும் மாட்டுக்கு ஏற்றிய கதையை ஒரு நண்பர் சொன்னார். நாலு வாரம் கழித்து அந்த மாடு மறுபடி படுத்தது. அனபிளாஸ்மா வெளிப்பட எடுத்துக்கொள்ளும் நாளும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

மந்தையில் தடுப்பூசி போடலாமா, உண்ணிமருந்தை எப்படி அடிப்பது என்று முடிவு செய்ய எலைசா. அதற்கு ஒரு மாட்டின் ரிப்போர்ட் போதாது, வயது வாரியாகப் பத்து இருபது கன்றாவது வேண்டும்.

அந்த ஃபோன் மாட்டுக்கு அன்று மாலையே கணுவில் ஊசி வைத்து எடுத்தோம். மூன்றாவது புலத்திலேயே நீல உருண்டை. புபார்வகோன் போட்டார்கள், நாலாம் நாள் தீனி எடுத்தது. மூன்று வாரம் கழித்து உரிமையாளர் தானாகவே ஒரு ஸ்லைடும் குழாயும் கொண்டுவந்தார், சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க. பார்த்தேன். இருநூறு புலத்துக்கு நாலைந்து செவ்வணுவில் காற்புள்ளி நின்றது.

"இன்னும் இருக்கா டாக்டர்? இன்னொரு ஊசி போட்டுடலாமா?"

மெல்லிய குழாயில் ரத்தத்தை எடுத்துச் சுழற்றினேன். செவ்வணு முதல் நாள் 16 சதவீதம் இருந்தது, இப்போது 27. மேலே நின்ற நீர் தெளிவாக, வைக்கோல் நிறத்தில். காய்ச்சல் எவ்வளவு என்று கேட்டேன், 101 என்றார். பால் எவ்வளவு என்றேன், பழைய அளவுக்கு வந்துவிட்டது என்றார். ஊசி வேண்டாம், உண்ணியைப் பாருங்கள் என்று சொல்லி ஸ்லைடைப் பெட்டியில் வைத்தேன்.